ஏழாம் நம்பர்

பெண்டாட்டி பகவதியை அவர் கடைசியாக உயிரோடு பார்த்தபோது மணி மூன்றரை. சரியாகச் சொன்னால் மூன்று இருபத்தெட்டு. முப்பத்தொரு வருஷம் நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்த தாணுமூர்த்திக்கு இரண்டு நிமிஷம் என்பது பெரிய விஷயம்தான். ஆனாலும் அவள் கேட்டபோது அவர் மூணரை என்றுதான் சொன்னார். ஆஸ்பத்திரியில் ஜன்னலோரம் ஏழாம் நம்பர் கட்டில். கட்டிலின் கால்மாட்டில் கறுப்பு பெயிண்டால் ஏழு என்று எழுதியிருந்தது, பெயிண்ட் வழிந்து ஏழுக்கு ஒரு வால் முளைத்திருந்தது. அவள் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பி, "மணி என்ன?" என்றாள். "மூணரை." "அவ்வளவுதானா" என்றாள். அது கேள்வியா இல்லையா என்று இன்றுவரை அவருக்குப் பிடிபடவில்லை. பேச்சில் கேள்விக்குறி தெரிவதில்லை. குரல் மேலே போனால் கேள்வி, கீழே வந்தால் முடிவு, அவளுடைய குரல் அன்றைக்கு மேலேயும் போகவில்லை கீழேயும் வரவில்லை. அவர் செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டு, "கொஞ்சம் வெளிய போயிட்டு வாறேன், பத்து நிமிஷம்" என்றார். போர்வைக்கு மேலே கிடந்த அவள் கை லேசாக எழும்பியது. போயிட்டு வாங்க என்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். அப்படி எடுத்துக்கொள்வது அந்த நேரத்துக்குச் சௌகரியமாக இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து இப்போது கார் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தது. ருமேனியாவில் எந்த மூலையில் இருக்கும் மலை இது என்று மருமகன் சோரின் இரண்டு முறை பெயர் சொல்லியும் அவர் மனதில் நிற்கவில்லை. இரண்டு பக்கமும் ஈட்டி ஈட்டியாக மரங்கள், எல்லாம் ஒரே மரம், எல்லாம் நனைந்திருந்தன. முன் இருக்கையிலிருந்து லேகா திரும்பிப் பார்த்து, "காது அடைக்குதாப்பா? எச்சில முழுங்குங்க" என்றாள். முழுங்கினார். அடைத்தது காது இல்லை. நாளைக் காலை பதினொன்றரைக்கு விமானம். மூன்று வாரம் முடிந்துவிட்டது. இந்த மூன்று வாரத்தில் ஒரு நாள் சொல்லிவிடுவது என்று தீர்மானம் பண்ணித்தான் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் விமானத்தில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து வந்தார். வந்த அன்றைக்கே சொல்லலாம் என்று நினைத்தார், அவள் விமான நிலையத்தில் கட்டிக்கொண்டு அழுதாள், தள்ளிப்போட்டார். காய்கறிச் சந்தையில் சொல்லலாம் என்று நினைத்தார், அவள் முருங்கைக்காய் கிடைத்துவிட்டது என்று குதித்தாள், தள்ளிப்போட்டார். பஸ் ஸ்டாண்டில் ஒரு டிரிப் விட்டுப்போனால் அடுத்த டிரிப்புக்கு ஆளை ஏற்றலாம். இங்கே இன்று விட்டால் அடுத்த டிரிப் கிடையாது. அறுபத்தேழு வயதில் இரண்டாம் தடவை யாரும் இவ்வளவு தூரம் கூப்பிடப் போவதில்லை. கூப்பிட்டாலும் முழங்கால் கேட்காது. போனில் சொல்ல முடியாது. போனில் சொன்னதால்தான் இவ்வளவும். பகவதி போன அன்று சாயங்காலம் இங்கிருந்து லேகா கூப்பிட்டபோது, எப்படிப்பா, எப்படி, நீங்க கூட இருந்தீங்களா என்று அந்தப் பக்கம் கத்தியபோது, அவர் வாயில் முதலில் வந்து நின்றது அந்த வாக்கியம்தான். "என் கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் போனா." எங்கிருந்து வந்தது? எதாவது சினிமாவில் பார்த்ததா? அவளால் வர முடியவில்லை. விசா புதுப்பிக்கக் கொடுத்த பாஸ்போர்ட் ஏதோ ஒரு ஆபீஸில் மாட்டிக்கொண்டிருந்தது, தாய்க்குக் கொள்ளி வைக்கிறதையே மகள் செல்போனில்தான் பார்த்தாள், அந்தப் போனையும் பக்கத்து வீட்டுக்காரன் ஆட்டிக்கொண்டே பிடித்திருந்தான். அப்படிப்பட்டவளுக்கு ஏதாவது ஒன்று கொடுக்க வேண்டாமா? கொடுத்தார். கொடுத்ததை அவள் சும்மா வைத்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை. அடுத்த நாள் கேட்டாள், அம்மா கை சில்லுன்னு இருந்திச்சாப்பா? ஆமா. ஏதாவது சொன்னாங்களா? உன் பேரச் சொன்னா. ஒன்றைத் தூக்கி நிறுத்த இன்னொன்று. இரண்டு வருஷத்தில் அவள் அதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள் என்று இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. சொல்லும்போது தன்னுடைய இடது கையை வலது கையால் பிடித்துக் காட்டுகிறாள். பாஷை புரியாவிட்டாலும் அந்தக் கையைப் பார்த்தாலே அவருக்குத் தெரிந்துவிடுகிறது, இப்போது அம்மா செத்துக்கொண்டிருக்கிறாள் என்று.

மடாலயம் கோட்டை மாதிரி மதிலுக்குள் இருந்தது. வாசல் வளைவில் ஒரு கன்னியாஸ்திரி உட்கார்ந்து, பேண்ட் போட்டு வந்த பெண்களுக்கெல்லாம் நீளமான துணி ஒன்றை இடுப்பில் சுற்றிக்கொள்ளக் கொடுத்துக்கொண்டிருந்தாள். லேகாவும் வாங்கிச் சுற்றிக்கொண்டாள், கறுப்பில் சிவப்புப் பூ. சுற்றியதும் ஒரு கணம் அவள் இடுப்பு பகவதியின் இடுப்பாகத் தெரிந்து அவர் வேறு பக்கம் பார்த்தார். சோரின் அவர் தலையைச் சுட்டிக்காட்டி, "மாமா, தொப்பி" என்றான். அவனுக்குத் தெரிந்த தமிழ் மொத்தம் ஆறு வார்த்தை, அதில் மாமாவும் போலாமும் இரண்டு. அவர் மங்கி குல்லாவை உருவினார், காது குளிரில் சுர்ரென்றது. ஐந்நூறு வருஷத்துக் கோயில் என்றாள் லேகா. கூரை நல்ல அகலம், சேலை விரித்த மாதிரி நாலு பக்கமும் இறங்கியிருந்தது. கதவுப் படிக்கு வந்ததும் அவர் வழக்கம்போல ஷூவைக் கழற்றிச் சுவரோரம் ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே போனார். நாலு எட்டு வைத்த பிறகுதான் மற்றவர்கள் எல்லாரும் ஷூவோடு நிற்பது தெரிந்தது. அவருடைய காலுறையில் வலது பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கருங்கல் தரை ஐஸ். ஒரு கிழவர் அந்த விரலைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார். "அப்பா! இங்க கழட்ட வேண்டாம்ப்பா" என்று லேகா கிசுகிசுத்தாள், சிரிப்பை அடக்கியதில் தோள் குலுங்கியது. "கோயில்தானே?" "கோயில்தான். ஆனா கழட்டப்பிடாது." "இதென்ன கோயில்." "செரி, வாங்க, யாராவது தூக்கிட்டுப் போயிருவான்." "பெருவிரல் ஓட்டை உள்ளவனோட ஷூவை எவன் தூக்குவான்." அவள் வாய்விட்டே சிரித்தாள். இப்போது சொல்லியிருக்கலாம். சிரிக்கிறவளிடம் எப்படிச் சொல்வது? அழுகிறவளிடமும் சொல்ல முடியாது, சிரிக்கிறவளிடமும் சொல்ல முடியாது, அவள் எப்போது சும்மா இருக்கிறாள் என்று பார்த்துத்தான் இருபது நாள் போயிற்று. உள்ளே சாம்பிராணி வாசனை. இந்த ஊர்ச் சாம்பிராணியும் நம் ஊர் மாதிரிதான் இருந்தது, வேறெதுவும் அப்படி இல்லை, சுவர் எங்கும் தாடிக்காரர்கள் பொன் வட்டங்களுக்குள் நின்றுகொண்டு ஒருவர்கூடச் சிரிக்காமல் அவருடைய பெருவிரலையே பார்த்தார்கள்.

வெளியே வந்து ஷூவை மாட்டிக்கொண்டிருக்கும்போது டக் டக் என்று ஒரு சத்தம். இளவயதுக் கன்னியாஸ்திரி ஒருத்தி தோளில் நீளமான மரப்பலகையைச் சாய்த்துக்கொண்டு, சின்னச் சுத்தியலால் அதைத் தட்டியபடி கோயிலைச் சுற்றி நடந்தாள். பிரார்த்தனைக்குக் கூப்பிடுகிறார்களாம். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, டக் டக், டடக் டக், டக்டக்டக். கண்டக்டர் பஸ்ஸின் தகரத்தில் அறைகிற மாதிரியே இருந்தது. போலாம் ரைட். அவர் முதுகு தானாக நிமிர்ந்தது. நாலே கால் திங்கள்சந்தை, நாலு இருபத்தஞ்சு தக்கலை, நாலரை கருங்கல், நாலு நாற்பது குளச்சல். கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அதில் ஊர் நேரம் ஓடிக்கொண்டிருந்தது, அவர் அதை இந்த நாட்டு நேரத்துக்கு மாற்றவில்லை. அந்தச் சத்தம் அவரைச் சுற்றிக்கொண்டு போய்ப் பின்பக்கம் மறைந்து, மறுபடி இந்தப் பக்கம் வந்தது. எங்கே சுற்றினாலும் கடைசியில் அங்கேதான் வரும். அன்றைக்கு அவர் பத்து நிமிஷம் என்று சொன்னது பொய்யில்லை. டீ குடித்துவிட்டு வரலாம் என்றுதான் இறங்கினார். ஆஸ்பத்திரி வாசலில் பஸ் வந்தது, ஏறினார். ஏன் ஏறினார்? எதிர்த்தாற்போல டீக்கடை இருந்ததே. ஏறி பஸ் ஸ்டாண்டில் இறங்கினார். டைம் கீப்பர் அறையில் அவருக்குப் பின்னால் வந்த சுயம்பு உட்கார்ந்திருந்தான். "சார்! வாங்க சார், நீங்க போன பொறவு இந்தக் கடிகாரமே மெதுவாத்தான் ஓடுது" என்றான். அவனுக்கு வயிறு சரியில்லை, "சார், அஞ்சு நிமிஷம் இதப் பாத்துக்கிடுங்க" என்று ஓடினான். அவர் உட்கார்ந்தார். ஏழு வருஷத்துக்கு அப்புறம் அந்த நாற்காலி. பிரம்பு கிழிந்த இடத்தில் அதே பிளாஸ்டிக் வயர். எதிரே சுவரில் அதே பழைய கடிகாரம், நம்பருக்குப் பதிலாகக் கோடும் கொம்புமாக ரோமன் எழுத்துப் போட்ட வெள்ளைக்காரன் காலத்துக் கடிகாரம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைப் பார்த்துத்தான் அந்த எழுத்துக்களைத் தானாகவே படித்தார், எட்டாம் கிளாஸோடு நின்ற அவருக்கு வேறு யாரும் சொல்லித்தரவில்லை. டிரைவர்கள் ஜன்னலில் தலையை விட்டு, "அடடே, பெரிய சாரா! அப்ப இன்னிக்கு வண்டி நேரத்துக்குப் போகும்வே" என்றார்கள். "எல எல, குளச்சல எடு, இன்னும் ஒரு நிமிஷந்தான்" என்று அவர் கத்தினார். குரல் நன்றாக வந்தது. சுயம்பு வந்து பக்கத்திலேயே நின்றான், எழுப்பவில்லை. பதிவுப் புத்தகத்தில் அவர் கையெழுத்தில் நாலு இருபத்தஞ்சு தக்கலை புறப்பாடு, நாலரை கருங்கல் புறப்பாடு, நாலு நாற்பது குளச்சல் புறப்பாடு. ஆஸ்பத்திரிச் சீட்டில் பிறகு பார்த்தார், அவள் போன நேரமாக டாக்டர் எழுதியிருந்ததும் நாலு நாற்பது. அதே நாலு நாற்பதை இவரும் தன் கையால் எழுதியிருந்தார். குளச்சல் என்று எழுதிப் புறப்பாடு என்று எழுதி நேரத்தையும் எழுதி, கீழே ஒரு கோடு இழுத்திருந்தார்.

அதைக்கூடச் சொல்லிவிடலாம். நான் அங்கே இல்லை என்று சொல்லிவிடலாம். எத்தனையோ பேர் அந்த நேரத்தில் இருப்பதில்லை, மருந்து வாங்கப் போயிருப்பார்கள், கண் அசந்திருப்பார்கள், அதற்கு யாரும் யாரையும் தூக்கில் போடுவதில்லை. நாக்கு அங்கே நிற்கவில்லை. அதற்கு அடுத்ததில் நிற்கிறது. அந்த ஒன்றே முக்கால் மணி நேரம் அவர் சந்தோஷமாக இருந்தார். அவள் படுத்த ஆறு மாசத்தில் அப்படி இருந்ததில்லை. பகவதி என்று ஒருத்தி இருப்பதே ஞாபகத்தில் இல்லை. ஞாபகத்தில் இல்லை என்பதும் பொய், இருந்தது, ஓரத்தில் இருந்தது, கடைசி பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஆள் மாதிரி தூணோரம் நின்றது, இவர் அதைப் பார்க்கவில்லை. கல்யாணமான புதிதில் அவள் உண்மையிலேயே அப்படி வந்து நின்றிருக்கிறாள். மத்தியானச் சாப்பாடு எடுத்துக்கொண்டு, பச்சைச் சேலை கட்டி, ஐந்தாம் நம்பர் தூணோரம். அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார், பார்த்துவிட்டுப் பதிவு எழுதினார், இரண்டு மணி நேரம் நிற்கவிட்டார், டிரைவர்கள் கேலி பண்ணுவார்கள் என்று. வீட்டுக்கு வந்து, "டூட்டி நேரத்துல அங்க வராதே, கேட்டியா" என்றார். அவள், "அவ்வளவுதானா?" என்றாள். அன்றைக்கு அது கேள்விதான். நிச்சயமாகக் கேள்வி. கன்னியாகுமரிக்குப் போன அன்றும் கேட்டாள். மூன்று கடலும் சேருகிற இடத்தில் கடைசிப் பாறையில் நின்று, இதுக்கு மேல நாடு கிடையாது என்று அவர் கையை நீட்டிக் காட்டியபோது, "அவ்வளவுதானா?" என்று சிரித்தாள். லேகா பிறந்து நர்ஸ் தூக்கிக் காட்டியபோதும் அதையே சொன்னாளாம், இவ்வளவு வலிக்கு இவ்வளவுதானா என்று. ரிட்டயர் ஆகி மாலையோடு வந்து நின்றபோது, மாலையைப் பார்த்துவிட்டு, அடுப்படிக்குத் திரும்பி நடந்துகொண்டே, அவ்வளவுதானா. அது கேள்வி இல்லை. முப்பது வருஷத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். கடிகாரத்துக் கொம்பு எழுத்தைத் தானாகவே படித்தவரால் பெண்டாட்டியின் ஒரு வார்த்தையைப் படிக்க முடியவில்லை.

"அப்பா, இந்தச் சுவரப் பாருங்க" என்று லேகா கூப்பிட்டாள். கோயிலின் வெளிச்சுவர் முழுக்கச் சித்திரம், ஐந்நூறு வருஷத்து மழையிலும் அழியாமல், நீலம் நீலமாகவே இருந்தது. தீர்ப்பு நாளாம். மேலே சிம்மாசனம், நடுவில் ஒரு தராசு, சிம்மாசனத்திலிருந்து கீழே சிவப்பாக ஒரு ஆறு, அதில் ஆட்கள் மிதந்து போனார்கள். குள்ளமான கறுப்புப் பிசாசுகள் தராசின் ஒரு தட்டைப் பிடித்துத் தொங்கின. நம் பஸ்ஸில் ஃபுட்போர்டில் தொங்குகிறவன்களைப் போல. எட்டுகிற உயரத்தில் யார் யாரோ ஆணியால் பேர் கீறி வருஷமும் போட்டிருந்தார்கள், ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம். இங்கேயும் வந்து பேர் எழுதியிருக்கிறான்கள். நான் இங்கே இருந்தேன் என்று எழுதுவதில் மனுஷனுக்கு என்ன ஆசை. இல்லாமல் போனதை எவனும் கீறி வைப்பதில்லை. தராசுக்குப் பக்கத்தில் ஒருவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான், கையை ஏன் மறைக்கிறான் என்று கேட்க நினைத்து அவர் கேட்கவில்லை. தன் கையும் பின்னால்தான் இருந்தது.

மெழுகுவர்த்தி விற்கிற சின்ன அறையில் வயசான கன்னியாஸ்திரி இருந்தாள். முகம் முழுக்கச் சுருக்கம், கண் மட்டும் சின்னப் பெண்ணுடையது. லேகா ஏதோ சொன்னாள், அவள் ஏதோ கேட்டாள், லேகா "பகவதி" என்றாள், அவள் தலையை மெதுவாக ஆட்டினாள். லேகாவின் முகம் சுருங்கியது. "அம்மா பேரைப் பிரார்த்தனையில வாசிக்க மாட்டாங்களாம்ப்பா. ஞானஸ்நானம் வாங்கினவங்களுக்குத்தானாம். மெழுகுவர்த்தி யார் வேணும்னாலும் ஏத்தலாமாம்." "வாசிக்காண்டாம். வாசிச்சா மட்டும் அவளுக்குக் கேக்கவா போகுது" என்றார் அவர். அதோடு விட்டிருக்கலாம். அவள் விடவில்லை. அந்தக் கிழவியிடம் தாழ்ந்த குரலில் சொல்ல ஆரம்பித்தாள், அவருக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, பிறகு லேகாவின் வலது கை போய் இடது கையைப் பிடித்தது. அவர் தரையைப் பார்த்தார். கிழவி எழுந்து வந்தாள். மேஜையைச் சுற்றி, காலை இழுத்து இழுத்து வந்து, அவருடைய வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். சூடான கை. மெழுகு வாசனை. கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். அவர் இழுத்துக்கொள்ளப் பார்த்தார், அவள் விடவில்லை, அந்தக் கையை ஏதோ பண்டிகைக்கு எடுத்துவைத்த பாத்திரம் மாதிரி பிடித்திருந்தாள். லேகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்தக் கை அந்த நேரத்தில் நீலப் பேனாவைப் பிடித்திருந்தது அம்மா, என்று எந்தப் பாஷையில் சொல்வது? பகவதியைப் பிடித்த கை வேறு. எட்டாம் நம்பர் கட்டிலில் கிடந்த தன் மாமியாருக்குத் துணைக்கு வந்திருந்த மீன்காரி, குளச்சல்காரி. அவர் ஐந்தே காலுக்கு வார்டுக்குள் நுழைந்தபோது அவள்தான் எழுந்து வந்தாள். "எங்கய்யா போனீரு? கைய நீட்டிக்கிட்டே கெடந்தாவ. யாரத் தேடினாவளோ. நான்தான் பிடிச்சிக்கிட்டிருந்தேன். சூடு ஆறுன பொறவுதான் விட்டேன்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவர் சரி என்றார். சரி என்று ஒரு வார்த்தை. அவள் பேரைக் கேட்கவில்லை. அன்றைக்கு மட்டும் இல்லை, மறுநாள் சாமான் எடுக்கப் போனபோது அவள் ஏழாம் நம்பர் கட்டிலுக்கடியில் கிடந்த பகவதியின் செருப்பை எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள், அப்போதும் கேட்கவில்லை. அவளைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. பகவதியின் கடைசி நேரம் அவளிடம் இருந்தது, இவரிடம் இல்லை.

மெழுகுவர்த்தி விரல் கனம்கூட இல்லை, மஞ்சளாக, வளைந்து கொடுத்தது. ஏற்றுகிற இடம் கோயிலுக்கு வெளியே, மதிலோரம், இரண்டு தகரப் பெட்டிகள், உள்ளே மணல், காற்றுக்கு மறைப்பு. லேகா போனில் யாருடனோ பேசிக்கொண்டு பின்தங்கினாள், அவர் முன்னால் போனார். ஒரு பெட்டிக்கு மேலே ஆங்கில எழுத்தில் ஒரு பெயர், எம், ஓ, ஆர், கீழே வாலோடு ஒரு டி, ஐ. மோர்ட்டி. மோருக்கும் டீக்கும் நடுவில் ஏதோ ஒன்று. யாரோ பணக்காரன் பெட்டி வாங்கிக் கொடுத்துப் பேர் போட்டிருப்பான், நம் ஊர் டியூப் லைட்டில் உபயம் எழுதுகிற மாதிரி. அடுத்த பெட்டிக்கு மேலே ஒரு வி, பக்கத்தில் இரண்டு ஐ. அவருக்கு அதைப் படிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முப்பத்தொரு வருஷம் எதிரே பார்த்த எழுத்து. ஏழு. ஏழாம் நம்பர். கால் நின்றது. இவ்வளவு தூரம், கடல் தாண்டி மலை ஏறி வந்த இடத்தில் யாரோ அந்த நம்பரை எழுதி வைத்திருக்கிறான்கள். மற்ற நம்பர் எங்கே, ஒன்று முதல் ஆறு எங்கே என்றெல்லாம் அவர் யோசிக்கவில்லை. எரிந்துகொண்டிருந்த ஒன்றில் பற்றவைத்து, ஏழாம் நம்பரில் மணலைக் கிளறி ஆழமாக நட்டார். பகவதி, என்றார், சத்தமாகவே. வந்துட்டேன், என்றார்.

"ஐயோ அப்பா, அதில்ல!" லேகா ஓடிவந்தாள், இடுப்புத் துணி தடுக்கியது. "அது உயிரோட இருக்கியவங்களுக்கு. செத்தவங்களுக்கு இது." மெழுகுவர்த்தியைப் பிடுங்கக் கையை நீட்டினாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "ஏழுன்னு போட்டிருக்கே." "ஏழா? அது ஏழு இல்லப்பா, 'வீ'ன்னு ஒரு வார்த்தை. இவங்க பாஷையில உயிரோட இருக்கியவங்கன்னு அர்த்தம்." "எனக்கு ஏழுன்னுதான் தெரிஞ்சுது. அம்மா கெடந்தது ஏழாம் நம்பர்." அவள் கண் உடனே கலங்கியது, கை தானாக மற்றக் கையைத் தேடிப் போனது. அந்தக் கையைப் பார்த்ததும் அவருக்குள் என்னவோ அறுந்தது. துக்கம் இல்லை அது, எரிச்சல். "அப்படிப் பிடிக்காதே" என்றார். "நான் அங்க இல்ல." "எங்க?" "அம்மா போகும்போ. நான் கைய ஒண்ணும் பிடிக்கல்ல. நாலு நாப்பதுக்குப் போயிருக்கா. நான் அஞ்சே காலுக்குத்தான் வந்தேன்."

லேகாவின் கை பாதி வழியில் நின்றது. சோரின் கொஞ்ச தூரத்தில் எதையோ போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். "யாரும் பிடிக்கலையா?" என்றாள் அவள். "பிடிச்சா. பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவ. குளச்சல்காரி." "பேரு?" "தெரியாது." "கேக்கலையா?" "கேக்கல்ல." "இந்த ரெண்டு வருஷத்துல ஒரு நாள்கூடவா போய்க் கேக்கல?" அவர் மெழுகுவர்த்தியின் அடியில் மணலை அழுத்தினார். "நீங்க எங்க போயிருந்தீங்க?" "பஸ் ஸ்டாண்டுக்கு." "எதுக்கு?" "சும்மா." "சும்மான்னா?" சொல்லாமல் விட இன்னும் வழி இருந்தது, மருந்து என்று சொல்லலாம், தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன் என்று சொல்லலாம், இரண்டும் நாக்கு நுனியில் வந்து நின்றன, எப்போதும் போலத் தயாராக. "என் சேர்ல உக்காந்திருந்தேன் மக்களே. வண்டி விட்டுக்கிட்டிருந்தேன். சந்தோஷமா இருந்திச்சு." அவள் அவரைப் பார்த்தாள். பெருவிரலைப் பார்த்த கிழவர் பார்த்த மாதிரி, யார் இது என்பதைப் போல. "என் பேரச் சொன்னாங்கன்னு சொன்னீங்களே" என்றாள். "சொல்லல்ல. மணி என்னன்னு கேட்டா. மூணரைன்னேன்." "அவ்வளவுதானா" என்றாள் லேகா.

குரல் மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. தாயிடமிருந்து மூக்கும் இடுப்பும் மட்டும்தான் வந்ததென்று இத்தனை நாள் நினைத்திருந்தார். அது கேள்வியா என்று இப்போதாவது கேட்டுவிடலாம், எதிரே உயிரோடு நிற்கிறவளிடம் கேட்கலாம். கேட்கவில்லை. அவள் மெழுகுவர்த்தியிடமிருந்து கையை எடுத்துக்கொண்டாள். "இது இங்கயே எரியட்டும். கையப் பிடிச்ச அந்தம்மாவுக்கு" என்றாள். திரும்பிப்போய் இன்னொன்று வாங்கிவந்தாள், அவரிடம் கொடுக்கவில்லை, அவளே பற்றவைத்து அடுத்த பெட்டியில் நட்டாள், அவளே கும்பிட்டாள். அவர் ஓரமாக நகர்ந்து இடம் விட்டார். பிறகு இடுப்புத் துணியை அவிழ்த்துக்கொண்டே வாசல் பக்கம் நடந்தாள். அவருக்குக் காத்திருக்கவில்லை. மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவள் அவருக்கு முன்னால் நடந்தாள். சொன்னால் இறங்கிவிடும் என்று நினைத்த பாரம் இறங்கவில்லை, இடம் மாறிப் போய் அவள் தோளில் ஏறிக்கொண்டு நடந்தது, அது இங்கிருந்தே தெரிந்தது. போலாம் மாமா, என்றான் சோரின், ஒன்றும் தெரியாமல் சிரித்துக்கொண்டு.

அவர் குல்லாவை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தார். சாயங்காலக் கூட்டத்துக்கு இடம் பண்ண அந்த வயசான கன்னியாஸ்திரி ஒரு தகர வாளியோடு வந்திருந்தாள். செத்தவர்களின் பெட்டி நிறைந்திருந்தது. எரிந்ததும் எரியாததுமாக ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஊதி அணைத்து, வாளியில் போட்டாள். லேகா நட்டதும் போனது, கால்வாசிகூட எரிந்திருக்கவில்லை. மறுபடி உருக்கி வேறு திரி போடுவார்களாக இருக்கும். பக்கத்துப் பெட்டியில் நாலைந்துதான் எரிந்தன, அதை அவள் தொடவில்லை. ஏழாம் நம்பரில் அவர் நட்டதில் இன்னும் ஒரு விரல் நீளம் மீதி இருந்தது.